சக்கர வீடும் உறையும் நீரும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, சூமாஸ் என்று ஒரு சிற்றூர். 2021 நவம்பர் நடுவில் நூக்சாக் ஆறு கரை மீறி இந்த ஊருக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மக்கள் வீட்டுச் சுவர்ப் பலகைகளை அறுத்தெடுத்தார்கள். உள்ளே நனைந்து கிடந்த பஞ்சை அள்ளி வாசலில் குவித்தார்கள். சுவர்ச் சட்டங்கள் காய்ந்து, புதுப் பலகை அடித்து, மறுபடி குடிபோக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எங்கே தங்குவது? சூமாஸிலும் பக்கத்து ஊர்களிலும் சில குடும்பங்கள் ஆர்.வி.க்குள் குடியேறின. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய சக்கர வீடு அது. கோடை விடுமுறையில் மலைக்கும் கடற்கரைக்கும் இழுத்துக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பாழான வீட்டின் வாசலிலேயே நிறுத்தி, வெளிக்குழாயிலிருந்து ஓஸ் மாட்டி, கரண்டுக்கு ஒயர் இழுத்து வாழ்ந்தார்கள். ஆறு வாரம் போயிற்று. டிசம்பர் கடைசி வாரத்தில் வடகிழக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, நாள்கணக்கில் அங்கேயே நின்றது.

வெள்ளத்துக்குத் தப்பிக் குளிரில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்தபோது முதலில் எனக்கு மனம் கனத்தது. அந்த மெல்லிய கூட்டுக்குள் இரவில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்ததும் வியப்பு தொற்றிக்கொண்டது. நாம் குடியிருக்கும் வீடு நீரைக் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது. குழாய் மண்ணுக்குள், சாக்கடை அதற்கும் கீழே, ஈரம் கனத்த சுவருக்குள். ஆர்.வி.யில் இவை அத்தனையும் நாலைந்து சென்டிமீட்டர் சுவருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தொங்குகின்றன. திரவம், ஆவி, பனிக்கட்டி என்று நீரின் மூன்று நிலைகளோடும் ஒரே இரவில் மல்லுக்கட்ட வேண்டிய வீடு இது.

வெள்ளமும் உறைபனியும் அடுத்தடுத்து இந்த ஊரைத் தேடி வருவதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். நூக்சாக் பேக்கர் மலையின் பனியாறுகளிலிருந்து இறங்கி, எவர்சன் என்ற ஊருக்கு அருகே மேற்கே திரும்பி பெல்லிங்ஹாம் விரிகுடாவில் கலக்கிறது. ஆனால் அந்தத் திருப்பத்தில் வலது கரையின் மேடு மிகத் தாழ்வு. பெருவெள்ளத்தில் ஆற்றின் ஒரு பகுதி வடக்கே வழிந்து, சூமாஸைக் கடந்து, எல்லை தாண்டிக் கனடாவின் ஆபட்ஸ்ஃபோர்ட் சமவெளிக்குள் பாய்ந்துவிடும். அந்தச் சமவெளி ஒரு காலத்தில் ஏரி. விவசாயத்துக்காக 1924-இல் அதை வடித்து வயலாக்கினார்கள். 2021-இல் தண்ணீர் தன் பழைய ஏரியைத் தேடிக்கொண்டு வந்து நிறைந்தது. அந்தச் சமவெளியின் நீரை இறைத்து வெளியேற்றும் பாரோடவுன் நீரேற்று நிலையம் மூழ்காமல் இருக்க ஊர்மக்கள் இரவோடு இரவாக மணல்மூட்டை அடுக்கினார்கள். வான்கூவரைக் கனடாவின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலைகள் எல்லாம் துண்டிக்கப்பட்டன.

இவ்வளவு நீரும் எங்கிருந்து வந்தது? பசிபிக் பெருங்கடலின் வெப்பப் பகுதியிலிருந்து நீராவியைச் சுமந்துகொண்டு, குறுகிய பட்டையாக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வானத்தில் ஓடிவரும் காற்றோட்டங்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் யோங் ஷூ, ரெஜினால்ட் நியூவெல் இருவரும் அவற்றுக்கு வளிமண்டல ஆறு என்று பெயர் வைத்தார்கள். நடுத்தரமான ஒன்று ஆவியாகச் சுமக்கும் நீர், மிசிசிப்பி ஆறு தன் முகத்துவாரத்தில் கொட்டும் நீருக்குச் சமம். வலுத்தது என்றால் அதைப்போல் ஏழு முதல் பதினைந்து மடங்கு. அந்த ஆவி மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்தால் மழையாகத்தான் இறங்க வேண்டும்.

குளிர் வரும் வழி வேறு. கனடாவின் உள்நாட்டுப் பீடபூமியில் ஆர்க்டிக் காற்று வந்து தேங்கும். குளிர்ந்த காற்று கனமானது. மலைகளைத் தாண்டி ஏறாமல், ஃப்ரேசர் ஆறு குடைந்த பள்ளத்தாக்கு வழியே கடலை நோக்கிப் பாய்கிறது. மலைச்சந்தின் வாயில் இருக்கும் சூமாஸ், எவர்சன் போன்ற ஊர்கள் முதல் அடியை வாங்குகின்றன. ஒரு வாசல் வழியாக வெள்ளம், இன்னொரு வாசல் வழியாகப் பனிக்காற்று.

வெள்ளத்தை முதலில் பார்ப்போம். ஆர்.வி.யின் தரை நிலத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரம் இருப்பதால் தண்ணீருக்குத் தப்பிவிடும் என்று தோன்றும். எட்டு மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், மூன்று டன் எடையுள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பரப்பு 19 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். நீர்மட்டம் தரைப்பலகையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் ஏறினால், ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி சுமார் 190 கிலோவைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. பதினாறு சென்டிமீட்டர் ஏறினால் மூன்று டன்னும் போயிற்று, வண்டி மிதக்கிறது. உள்ளே நீர் கசியக் கசிய இந்தக் கணக்கு மாறும். ஆனால் கசிவதற்குள் வேகமாக ஏறும் வெள்ளம், ஒரு குடும்பத்தின் வீட்டை அப்படியே தூக்கிப் பக்கவாட்டில் இழுத்துவிடும். வீடு என்று நாம் நம்பியது படகாகிவிடுகிறது, துடுப்பும் நங்கூரமும் இல்லாத படகு.

கேஸ் சிலிண்டரும் மிதக்கும். காலியானதைச் சொல்லவில்லை, நிரம்பிய சிலிண்டரே மிதக்கும். ஆர்.வி.யின் முகப்பில் பூட்டியிருக்கும் ஒன்பது கிலோ புரொப்பேன் சிலிண்டர், உருளையின் எடையையும் சேர்த்தால் சுமார் 17 கிலோ. அது இடம்பெயர்க்கும் தண்ணீரோ 22 கிலோவுக்கு மேல். திரவ புரொப்பேனின் அடர்த்தி தண்ணீரில் பாதி. அதையும் எண்பது சதவீதம்வரைதான் நிரப்புவார்கள். நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டருக்கும் இதே கணக்கு பொருந்தும். மிதக்கும் சிலிண்டர் குழாயைப் பிய்த்துக்கொண்டு போவதால்தான் வெள்ளம் வருமுன் வால்வை மூடுங்கள் என்கிறார்கள். இதை அறிந்த நாளிலிருந்து வெள்ளச் செய்திகளை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆர்.வி.யின் அடிவயிற்றில், தரைப்பலகைக்குக் கீழே, கண்ணாடிப் பஞ்சு அடைத்து ஒரு உறை போர்த்தியிருப்பார்கள். பஞ்சு குளிரைத் தடுப்பதற்குக் காரணம் அதன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. காற்றைவிட நீர் வெப்பத்தை ஏறக்குறைய 24 மடங்கு எளிதாகக் கடத்தும். ஒருமுறை தண்ணீர் தொட்டுவிட்டால், உறைக்குள் சிக்கிய பஞ்சு வாரக்கணக்கில் காயாது. வெளியே பார்த்தால் வண்டிக்கு ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே அதன் கம்பளிப் போர்வை ஈரத்துணியாகி நிற்கிறது. நவம்பர் வெள்ளம் டிசம்பர் குளிருக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறது. இரண்டும் தனித்தனிப் பேரிடர்கள் என்று எழுதுவது வழக்கம். இந்த வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தால் அப்படி எழுத முடியாது.

இனி உறைதல். தமிழில் பனித்துளிக்கும் மூடுபனிக்கும் வானிலிருந்து கொட்டும் வெண்பனிக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். நம் நிலத்துக்கு அது போதும். சூமாஸில் மைனஸ் பத்து டிகிரி இரவில் ஓஸின் ஒரு முழங்கைத் திருப்பத்துக்குள் நடப்பதைச் சொல்ல அது போதாது.

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். நீர் நான்கு டிகிரிவரை சுருங்கிக்கொண்டே வந்து, அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணக் கூடுகளாகக் கைகோத்து நிற்கின்றன. கூட்டுக்குள் வெற்றிடம் அதிகம். அதனால் பருமன் ஒன்பது சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் இது ஒரே சீராக நடப்பதில்லை. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பின் 1970களில் இதை ஆராய்ந்தார். அசையாத குழாய்நீர் சுழிக்குக் கீழே சில டிகிரி இறங்கியும் திரவமாகவே நிற்கும். பிறகு ஒரு கணத்தில், இலை இலையாக, கிளை கிளையாகப் பனிப்படிகங்கள் குழாயின் குறுக்கே பாய்ந்து வளரும். நீரில் சிறு பங்குதான் உறைந்திருக்கும். ஆனால் அந்த வலை வழியை அடைத்துவிடும்.

குழாய் அந்த அடைப்பு விழுந்த இடத்திலேயே வெடிக்கும் என்று பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி குழாயின் நீளத்தில் வளர வளர, தனக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே மிச்சமிருக்கும் திரவ நீரை நெருக்குகிறது. தண்ணீரைச் சுருக்குவது கடினம். அழுத்தம் கிடுகிடுவென ஏறும். எது பலவீனமோ அது உடையும். ஆர்.வி.களில் இப்போது போடும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுத்துத் தப்பிவிடும். குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் முழங்கைதான் விரிசல் விடும். மைனஸ் 22 டிகிரிவரை இடமே கொடுக்காமல் நீரை உறையவிட முயன்றால் அது இரண்டாயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தள்ளும். அதைத் தாங்கும் குழாய் எந்த வீட்டிலும் கிடையாது.

குளிர் இரவில் குழாயைச் சொட்டவிட்டு வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சொட்டும் நீர் ஓடுவதால் உறையாது என்பது பாதிதான் உண்மை. திருகு திறந்திருந்தால் நெருக்கப்பட்ட நீர் வெளியேற வழி இருக்கிறது, அழுத்தம் ஏறுவதில்லை. எந்தக் குளிரில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சூடாக்கப்படாத பரணில் வெப்பக்காப்பு இல்லாமல் ஓடும் குழாய்களுக்கு, வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரி என்பது அபாய எல்லை என்று கண்டார்கள். காற்று வீசினால் அந்த எல்லை இன்னும் நெருங்கி வரும். காற்றடிப்பதால் குழாய், வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடாது. ஆனால் அந்தக் குளிருக்குச் சீக்கிரம் வந்து சேரும். சக்கரங்களுக்கிடையே காற்று விளையாடும் ஆர்.வி.யைச் சுற்றிப் பலகையோ தார்ப்பாயோ அடித்துப் பாவாடைபோல் கட்டுவது இதனால்தான்.

சொட்டவிடுவதில் ஆர்.வி.க்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. இந்த வண்டிகளில் மூன்று தொட்டிகள் உண்டு: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கழுவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டால் சொட்டும் நீர் மெல்லிய தாரையாகக் கழிவு ஓஸில் இறங்கும். அந்தத் தாரை ஓஸின் சுவரில் ஒட்டி ஒரு படலமாக உறையும். அதன்மேல் அடுத்தது. விடிவதற்குள் ஓஸ் முழுவதும் ஒரு பனிக்கம்பம். அனுபவப்பட்டவர்கள் வால்வை மூடி வைத்து, தொட்டி நிறைந்ததும் ஒரே வீச்சில் திறந்து விடுகிறார்கள். அவ்வளவு நீர் சேர்ந்து பாயும்போது உறைவதற்கு நேரம் கிடைப்பதில்லை. நல்ல தண்ணீர் ஓஸையும் இரவில் கழற்றி உள்ளே சுருட்டி வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து பம்ப்பால் எடுத்துப் புழங்குகிறார்கள்.

தொட்டி மட்டும் உறையாதா? உறையும், ஆனால் கடைசியில்தான். ஒரு கிலோ நீர் பனிக்கட்டியாக 334 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிட்டாக வேண்டும். அதே நீரைச் சுழியிலிருந்து எண்பது டிகிரிவரை சூடாக்கத் தேவையான வெப்பம் அது. 150 லிட்டர் தொட்டி முழுவதும் உறைய வேண்டுமானால் ஐம்பது மெகாஜூல் வெளியேற வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்துக்கு அது சமம். உறையும் நீர் ஒரு வகையில் அடுப்பு. அந்தக் காலத்து விவசாயிகள் நிலவறையில் காய்கறி உறையாமல் இருக்கப் பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தார்கள். தண்ணீர் உறைந்துகொண்டே தன் வெப்பத்தைக் காய்கறிக்குக் கொடுத்தது. மெல்லிய குழாய்க்கு அந்தச் சேமிப்பு இல்லை. அதனால் அது முதலில் போகிறது.

மூன்றாவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது. தூங்கும் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் நீரை வெளிவிடுகிறார். நாம் பார்க்கும் டிரெய்லருக்குள் இருக்கும் காற்று சுமார் 38 கன மீட்டர். இருபது டிகிரியில் அவ்வளவு காற்றும் சேர்ந்து தாங்கக்கூடிய ஆவி 660 கிராம். இரண்டு பேர் தூங்கி எழுந்தால் கிட்டத்தட்ட அவ்வளவும் சேர்ந்துவிடும். கூடவே கேஸ் அடுப்பு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் நீர் பிறக்கிறது. ஒரு மணி நேரம் சமைத்தால் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர், ஆவியாக, அறைக்குள் வந்துவிடும். சுழி டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் ஐந்து கிராம் ஆவியைக்கூடச் சுமக்க முடியாது. மிச்சம் எங்கே போகும்?

ஜன்னலின் அலுமினியச் சட்டத்தைப் பார்த்தால் தெரியும். உலோகம் வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்துவதால் முதல் ஈரம் அங்கேதான் வியர்க்கும். குளிர் ஏற ஏற, சுவர்ப்பலகையை முடுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலும் வெண்புள்ளியாக உறைபனி பூக்கும். சுவருக்குள் சட்டம் எங்கே ஓடுகிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். படுக்கையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒட்டுப்பலகை நனைந்திருக்கும். உடம்பின் ஈரம் மெத்தையைக் கடந்து இறங்கி, குளிர்ந்த பலகையில் நீராகிறது. பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் போட்டுக் காற்றோட்டம் விட்டால் பெரும்பகுதி தீரும்.

கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைப்பது இன்னொரு வழி. வெளியே மூடுபனி அப்பியிருக்கும்போது அதைத் திறந்தால் உள்ளே காய்ந்துபோகும் என்பதை முதலில் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. கணக்கு எளிது. சுழி டிகிரியில் ஈரம் ததும்பும் காற்றை உள்ளே கொண்டுவந்து இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சூடாக்குவதற்குக் கேஸ் செலவாகும். மணிக்கு முப்பதாயிரம் பி.டி.யூ. வெப்பம் தரும் ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால் ஒன்பது கிலோ சிலிண்டர் பதினான்கு மணி நேரம் வரும்.

கேஸ் என்றதும் உயிர்போகும் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்.வி.யோடு வரும் ஹீட்டர் தன் புகையை வெளியே தள்ளிவிடும். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால் அதன் காற்றாடி சுற்றாது. கேஸ் இருந்தும் ஹீட்டர் வேலை செய்யாது. அப்போதுதான் சிலர் சமையல் அடுப்பையே எரியவிட்டுத் தூங்கப் போகிறார்கள். ஜெனரேட்டரை ஜன்னலருகே ஓட்டுகிறார்கள். காற்று போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து துவாரங்களை எல்லாம் துணியால் அடைத்த ஒரு சின்ன அறையில் அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

வெள்ளம் வந்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகலாமே, சக்கரம் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். குளிர்காலம் அந்தச் சக்கரத்தையும் கட்டிப்போடுகிறது. தரையை ஒட்டிக் குளிர்காற்று தேங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று வந்து படர்ந்தால், மேலே மழையாகத் தொடங்கும் துளி, கீழே வரும்போது சுழிக்கும் கீழே குளிர்ந்து, ஆனால் உறையாமல் இறங்கும். எதைத் தொடுகிறதோ அதிலேயே கண்ணாடியாக உறையும். இதுதான் உறைமழை. 2022 டிசம்பர் 23 அன்று சியாட்டில் பகுதியே அப்படிக் கண்ணாடி பூசிக்கொண்டு நின்றது. ஒரு சென்டிமீட்டர் படிந்தால் நம் டிரெய்லரின் கூரையில் 175 கிலோ ஏறுகிறது. அறையை அகலமாக்க வெளியே தள்ளி வைத்த பகுதியின் ரப்பர் விளிம்புகள் ஒட்டிக்கொள்ளும். அதை உள்ளே இழுக்காமல் வண்டி நகராது. சேற்றில் புதைந்த டயர் சேற்றோடு உறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அடுத்த வளிமண்டல ஆறு வரும். சூமாஸில் டிசம்பர் 2021 குளிர் விட்ட சில நாள்களிலேயே, 2022 ஜனவரி முதல் வாரத்தில், பனியின்மேல் மழை கொட்டியது. மேற்கு வாஷிங்டனில் ஆறுகள் மறுபடி கரை மீறி, ஷெஹாலிஸ் அருகே ஐ-5 நெடுஞ்சாலையை மூடினார்கள்.

உடைந்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒழுகாது. விரிசலைப் பனிக்கட்டியே அடைத்து நிற்கும். குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் காலையில்தான் அது தன்னைக் காட்டும். பல ஆர்.வி.களின் தரை நனைந்து கெடுவது அந்த நல்ல காலையில்தான். குளிர்நாட்டில் ஆர்.வி.யில் குளிர்காலத்தைக் கழிக்கும் உறவோ நட்போ உங்களுக்கு இருந்தால் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பனி உருகும் நாளில் பம்ப்பைப் போடுவதற்கு முன், டார்ச்சோடு குனிந்து, ஒவ்வொரு முழங்கையையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.